செயற்கை இழையின் சரித்திரம் – 9: கரைகின்ற பொருளில் கரையாத நூல்

சென்ற அத்தியாயத்தில், 1938-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 27-ஆம் தேதி அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனியார் நைலான் என்னும் புதிய இழையை உலகுக்கு அறிவித்த வரலாற்றையும், அந்த ஒரே அறிவிப்பினால் பட்டு வியாபார உலகத்தில் எழுந்த கலக்கத்தையும் சொல்லி நிறுத்தினோம். அந்தக் கலக்கம் வேறெந்தத் தேசத்தையும்விட ஜப்பானையே அதிகமாகத் தாக்கியது. அந்நாட்டுக் குடியானவக் குடும்பங்கள் முசுக்கொட்டை இலை பறித்துப் போட்டு வளர்த்த புழுவின் நூல் கப்பலேறிச் சென்று அமெரிக்க மாதர்களின் காலுறையாக மாறிற்று. அதற்குக் கிடைத்த டாலரைக் கொண்டுதான் பஞ்சும் எண்ணெயும் இயந்திரமும் வாங்கப்பட்டு வந்தன. காலுறைக்கு நைலான் வந்துவிட்டால் அந்த வரும்படி என்னவாகும் என்பதை ஜப்பானிய மில்காரர்களுக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நைலானுக்கு ஈடாக ஒன்றைத் தாமே செய்துகொள்ள வேண்டும், அதையும் வெளிநாட்டுச் சரக்கை நம்பாமல் சொந்த மண்ணில் கிடைப்பதைக் கொண்டே செய்ய வேண்டும் என்ற அவசரம் பிறந்தது. அந்த அவசரத்தில் கியோட்டோ சர்வகலாசாலையின் ரசாயன நிபுணர்கள் கையில் எடுத்த வஸ்து இருக்கிறதே, அது இழை செய்வதற்குச் சற்றும் தகுதியில்லாதது என்று யாரும் தள்ளிவிடக் கூடியது. அது தண்ணீரில் கரைந்து போகும்.

அந்த வஸ்துவுக்குப் பாலிவினைல் ஆல்கஹால் என்று பெயர். அதன் பூர்வோத்தரத்தை அறிய நாம் ஜப்பானை விட்டு, பதினைந்து வருஷம் பின்னோக்கி, ஜெர்மனியின் மியூனிக் நகரத்துக்குப் போக வேண்டும்.

1912-இல் பிரிட்ஸ் கிளாட்டே என்ற ஜெர்மானிய ரசாயனி, அஸிடிலீன் வாயுவையும் அஸிடிக் அமிலத்தையும் இணைத்து வினைல் அஸிடேட் என்ற திரவத்தைச் செய்து, அது தானே ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பிசினாக இறுகுவதையும் கண்டிருந்தார். அந்தப் பிசினை என்ன செய்வது என்று அப்போது யாருக்கும் விளங்கவில்லை. 1924-இல் மியூனிக்கில், வாக்கர் கம்பெனியைச் சேர்ந்த ஆராய்ச்சிக் கழகமொன்றில் பணியாற்றிய வில்லி ஹெர்மன், வோல்ப்ராம் ஹேனல் என்னும் இருவர், அதே பிசினை ஆல்கஹாலில் கரைத்து, தெளிந்து நின்ற அந்தக் கரைசலில் காரத்தைச் சேர்த்தபோது, தந்த நிறமான ஒரு திடப்பொருள் உண்டாயிற்று. அதை எடுத்துத் தண்ணீரிலிட்டால் கரைந்தது. பிசினின் நீண்ட சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்த அஸிடேட் பகுதிகளைக் காரம் கழற்றிவிட, அவை இருந்த இடத்திலெல்லாம் ஆக்ஸிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஹைட்ராக்ஸில் என்ற சிறு கூட்டு நின்றது, அதுதான் மாறுதல்.

ஏன் இப்படிச் சுற்றி வளைத்துச் செய்ய வேண்டும், வினைல் ஆல்கஹாலையே எடுத்துச் சங்கிலியாகக் கோத்துவிடலாமே என்று வாசகர் கேட்கலாம். கோக்க முடியாது, வினைல் ஆல்கஹால் என்ற பொருளைப் புட்டியில் பிடித்து வைக்கவே இயலாது. உண்டான மாத்திரத்தில் அது தன் அணுக்களை மாற்றி அடுக்கிக்கொண்டு அஸிடால்டிஹைடு ஆகிவிடும். ஆகவே பாலிவினைல் ஆல்கஹால், ஜாதகத்தில் பெற்றோர் பெயர் எழுதப்பட்டிருந்தும் அப்பெற்றோர் ஒருநாளும் உயிரோடிராத பிள்ளையைப் போன்றது. இன்றளவும் உலகத்தில் அது உற்பத்தியாகும் ஆலை எதுவாயினும், வினைல் அஸிடேட்டைக் கோத்து, பிறகு மெத்தனாலிலும் காரத்திலும் அஸிடேட்டைக் கழற்றும் அந்த மியூனிக் மார்க்கமே மார்க்கம்.

இந்தப் புதிய பொருள் வியாபாரத்துக்கு உதவுவதற்கு முன்பே ஒரு பெரிய சாஸ்திரச் சண்டைக்கு உதவியது. ரப்பர், பருத்தி, பிசின் போன்றவை ஆயிரக்கணக்கான அணுக்கள் ஒரே தொடராகப் பிணைந்த மாபெரும் மூலக்கூறுகளால் ஆனவை என்று ஹெர்மன் ஸ்டாடிங்கர் 1920-இல் எழுதியபோது, ஜெர்மனியின் பெரிய பண்டிதர்கள் பலர் அதை ஏற்க மறுத்தார்கள். சிறிய மூலக்கூறுகள் கூட்டமாக ஒட்டிக்கொண்டு நிற்பதே அத்தோற்றத்துக்குக் காரணம் என்பது அவர்கள் கட்சி. ஸ்டாடிங்கர் பாலிவினைல் அஸிடேட்டை ஆல்கஹாலாகவும், அந்த ஆல்கஹாலை மறுபடி அஸிடேட்டாகவும் மாற்றிக் காட்டினார். ஒட்டுக் கூட்டமாக மட்டும் இருந்திருந்தால், இயல்பே தலைகீழாகும் இந்த மாறுதலில் அது கலைந்து போயிருக்க வேண்டும். சங்கிலியின் நீளமோ மாறாமல் நின்றது. அவருக்கு 1953-இல்தான் நோபல் பரிசு கிடைத்தது. சண்டை எப்போதோ முடிந்துவிட்ட பிறகு வந்த பரிசு என்றுதான் சொல்ல வேண்டும்.

இனி, இப்பொருளின் குணங்களைச் சிறிது நிதானித்துப் பார்ப்போம்; பின்னால் வரும் சரித்திரம் முழுவதும் அவற்றிலிருந்தே கிளைத்தது. வெண்மையான பொடி, வாசனை கிடையாது. கொதிக்கும் நீரில் இதை ஒரேயடியாகக் கொட்டினால், ஒவ்வொரு துகளின் மேற்புறமும் உடனே கொழகொழத்துப் பசையாகி, உள்ளே நீர் புகாமல் தடுத்துவிட, நடுவில் உலர்ந்த மாவு கொண்ட கட்டிகள் மிதக்கும். அவற்றை எத்தனை நேரம் துழாவினாலும் கரைவதில்லை. இதனைக் கையாள்பவர்கள் முதலில் குளிர்ந்த நீரில் பொடியைத் தூவிக் கலக்கி, நன்றாகப் பரவவிட்டு, பிறகே சூடேற்றுவார்கள். சூடு 90 டிகிரியை எட்டும்போது, பால்போல் கலங்கியிருந்த கலவை மெல்லத் தெளிந்து, கண்ணாடிபோல் ஊடுருவிப் பார்க்கக் கூடிய கெட்டித் திரவமாகும். அதைத் தட்டில் மெல்லியதாக ஊற்றி உலரவிட்டால், எண்ணெயோ பெட்ரோலோ தொடமுடியாத, உலர்ந்திருக்கும் வரையில் ஆக்ஸிஜனைக்கூட உட்புக விடாத, பளிங்குபோன்ற தகடு கிடைக்கும். சிறிது அயோடின் கரைசலைக் காட்டினால் ஸ்டார்ச்சைப்போல் நீலம் பாரிக்கும். வெண்காரத்தைக் கரைத்து விட்டாலோ, திரவம் அந்த நிமிஷமே கூழாகத் திரண்டு கையோடு வழுக்கிக்கொண்டு வரும். இக்காலத்துப் பள்ளிக் குழந்தைகள் விளையாடும் ஸ்லைம் பெரும்பாலும் இவ்விதத்தில் பிறந்ததே.

ஆனால் எல்லாவற்றிலும் விசேஷமானது அது கரையும் முறை. அஸிடேட் பகுதிகளை அறவே கழற்றி, நூற்றுக்கு 98 அல்லது 99 பங்கு ஆல்கஹாலாக மாற்றிய சரக்கு, குளிர்ந்த நீரில் ஊறுமேயன்றிக் கரையாது. அதற்குக் கொதிநிலையை ஒட்டிய சூடு வேண்டும். நூற்றுக்கு 12 பங்கு அஸிடேட்டை மிச்சம் வைத்த சரக்கோ சாதாரணத் தண்ணீரிலேயே கரைந்துவிடும். நீரை விரும்புவது ஹைட்ராக்ஸில்; அது அதிகமானால் கரைவது எளிதாக வேண்டும் என்று எண்ணுவது இயல்பு. நடப்பது அதற்கு விரோதமாக இருக்கிறது. காரணம், அந்த ஹைட்ராக்ஸில்கள் நீரை விரும்புவதுபோலவே ஒன்றையொன்றும் விரும்புகின்றன. இடையே தடை எதுவும் இல்லாவிடில் சங்கிலிகள் நெருங்கி, இறுகப் பற்றி, ஸ்படிகமாக அடுக்கிக்கொண்டு, நீரை வெளியே நிறுத்திவிடுகின்றன. அங்கங்கே பருத்து நிற்கும் அஸிடேட் பகுதிகள் அந்த நெருக்கத்தைக் கெடுப்பதால், இடைவெளி வழியே நீர் புகுந்துவிடுகிறது. கரைவதும் கரையாததும் ஒரே பொருளில் இருக்கின்றன என்ற இந்த உண்மையை நன்றாக உணர்ந்தவர்களுக்கே அதிலிருந்து நூல் நூற்கும் துணிவு வர முடியும்.

ஹெர்மனும் ஹேனலும் நூல் நூற்கத்தான் செய்தார்கள். ஆனால் அவர்கள் 1931-இல் செய்த சிந்தோபில் என்னும் நூல் தண்ணீர் பட்டால் கரைவது. ஆகவே அதை உடுப்புக்கு நினையாமல், அறுவைச் சிகிச்சையில் காயம் தைப்பதற்கு உபயோகித்தார்கள். கரைவதைக் குற்றமாகக் கருதாமல் அதற்கேற்ற வேலையைத் தேடிக்கொண்ட அவர்கள் புத்தியை, பிற்காலத்தை அறிந்த நாம் மெச்சாமல் இருக்க முடியாது. எனினும் நூல் என்றால் துணி, துணி என்றால் துவைப்பு என்றிருந்த அக்காலத்தில், அம்முயற்சி ஒரு விநோதமாகவே நின்றுவிட்டது.

இப்போது கியோட்டோவுக்குத் திரும்பலாம். அங்கே ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தவர் இச்சிரோ சகுராதா. இளம் பிராயத்தில் அவர் ஜெர்மனிக்குச் சென்று கற்றவர். பெர்லினில் அவர் வேலை செய்த கூடமோ கர்ட் ஹெஸ் என்பவருடையது. அந்த ஹெஸ், ஸ்டாடிங்கரின் கொள்கையை மூர்க்கமாக எதிர்த்தவர்களில் ஒருவர். எதிர்க்கட்சிக்காரரிடம் பாடம் கேட்டவர், நீண்ட சங்கிலி மூலக்கூறுகளைப் பற்றிய சாஸ்திரத்தை ஜப்பானில் வேரூன்றச் செய்த முதல்வர்களில் ஒருவரானது சரித்திரத்தின் வேடிக்கைகளில் ஒன்று. அவருடன் உழைத்தவர்களில் ஹிரோஷி கவகாமி என்ற ஜப்பானியரும், ரி சுங்கி என்ற கொரியரும் முக்கியமானவர்கள். ரி சுங்கி 1905-இல் கொரியாவின் தெற்கே தம்யாங் என்ற ஊரில் பிறந்தவர்; சொந்த நாடு ஜப்பானியருக்கு அடிமைப்பட்டிருந்த காலத்தில், அந்த ஆட்சியாளரின் சர்வகலாசாலையிலேயே டாக்டர் பட்டம் பெற்றவர்.

அவர்கள் கைக்கொண்ட வழியைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். பாலிவினைல் ஆல்கஹாலை வெந்நீரில் கெட்டியாகக் கரைத்து, மிக நுண்ணிய துளைகளின் வழியே கிளாபர் உப்புக் கரைசலுக்குள் பீய்ச்சினார்கள். உப்பு, தண்ணீரைத் தன்பால் இழுத்துக்கொள்ள, திரவத் தாரை இழையாக உறைந்தது. ஆயினும் அந்த இழையை வெந்நீரில் போட்டால் பழையபடி கூழ்தான். அதை இழுத்து நீட்டி, 200 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் சிறிது நேரம் காட்டியபோது, உள்ளே சங்கிலிகள் நெருங்கி ஸ்படிகமாயின. பிறகு கந்தக அமிலம் சேர்ந்த பார்மால்டிஹைடில் தோய்த்தபோது, ஸ்படிகமாகாமல் தளர்ந்து நின்ற இடங்களிலிருந்த ஹைட்ராக்ஸில்கள் இரண்டிரண்டாகப் பூட்டுண்டன. இவ்வாறு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே பூட்டுண்டது. மற்றவை சும்மா நின்றன. அப்படி நின்றதனால்தான், நைலானுக்கில்லாத ஒரு குணம், அதாவது பருத்தியைப்போல் வியர்வையை ஏற்றுக்கொள்ளும் குணம், இந்த நூலுக்கு வாய்த்தது. முழுவதையும் பூட்டியிருந்தால் கரையாது என்பது நிச்சயம். உடுத்தவும் தகுதியற்றுப் போயிருக்கும்.

1939 அக்டோபரில், நைலான் அறிவிப்பு வந்து ஒரு வருஷம் நிறைவதற்குள், “ஒன்றாம் எண் செயற்கை இழை” என்ற பெயரில் கியோட்டோக்காரர்கள் இதை வெளியிட்டார்கள். ஏறக்குறைய அதே சமயத்தில் கானெபோ மில்லைச் சேர்ந்த யசாவா என்பவரும் தனியே இதே பொருளிலிருந்து இழை செய்திருந்தார். பின்னாளில் இவ்வகை இழைகளுக்கு வினைலான் என்ற பொதுப் பெயர் நிலைத்தது.

யுத்தம் மூண்டது. பெரிய ஆலை கட்டுவதற்குச் சாமான் கிடைக்கவில்லை. பரீட்சார்த்தமான சிறு உற்பத்தியோடு காரியம் தேங்கிற்று. 1944-இல் ரி சுங்கியை ஜப்பானியப் போலீஸார் விரோத எண்ணம் கொண்டவரென்று கைது செய்தார்கள். மறு வருஷம் ஜப்பான் தோற்று, கொரியா விடுதலை பெற்ற பிறகே அவர் வெளியே வந்து தாயகம் திரும்பினார்.

தோற்றுப்போன ஜப்பானில் வினைலானுக்கு வாழ்வு கொடுத்தவர் குராஷிகி ரேயான் கம்பெனியின் தலைவர் சோயிச்சிரோ ஓஹாரா. குராஷிகி நகரத்தில் இன்றும் யாத்திரிகர்கள் கண்டு களிக்கும் ஓஹாரா சித்திரசாலையை 1930-இல் நிறுவிய மகோசபுரோ ஓஹாராவின் குமாரர் அவர். சுண்ணாம்புக்கல்லையும் கரியையும் மின் உலையிலிட்டால் கார்பைடு. கார்பைடில் தண்ணீர் விட்டால் அஸிடிலீன். அதிலிருந்து வினைல் அஸிடேட். சுண்ணாம்புக்கல் ஜப்பானில் வேண்டிய மட்டும் உண்டு. மலையாறுகளிலிருந்து மின்சாரம் கிடைக்கும். எண்ணெய் ஒரு சொட்டும் வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. இந்தக் கணக்கில் நம்பிக்கை வைத்த ஓஹாரா, கம்பெனியின் மூலதனத்தைப்போல் பல மடங்கு கடன் வாங்கத் துணிந்து, பாங்குகளின் கதவுகளைத் தட்டி, தோயாமாவில் பாலிவினைல் ஆல்கஹால் ஆலையையும் ஒகயாமாவில் இழை ஆலையையும் எழுப்பி, 1950-இல் உற்பத்தியைத் தொடங்கினார். மீன்வலை, கயிறு, பள்ளி மாணவரின் சீருடை, தொழிலாளர் உடுப்பு ஆகியவற்றில் வினைலான் இடம்பெற்றது. உப்புநீரில் மக்கிப்போகும் பருத்தி வலைக்கு மாற்றாக மக்காத வலை கிடைத்தது மீனவர்களுக்கு மெய்யான உபகாரம். உடுப்பைப் பற்றி அவ்வளவு தாராளமாகப் புகழ முடியாது; வினைலான் துணி விறைப்பானது, சாயத்தைச் சரியாக ஏற்காதது, கசங்கினால் நிமிராதது.

ஓஹாராவின் வாழ்க்கையில் இன்னொரு செய்கையை விட்டுவிட மனமில்லை. ஜப்பான் சர்க்கார் மக்கள் சீனத்தை அங்கீகரிக்காதிருந்த 1963-இல், ஒரு முழு வினைலான் ஆலையையே சீனத்துக்கு விற்க அவர் ஒப்பந்தம் செய்தார். தம் தேசம் யுத்தத்தில் சீன மக்களுக்கு இழைத்த தீங்குக்கு அவர்களுக்கு உடுக்கத் துணி கொடுப்பது ஒருவகைப் பிராயச்சித்தம் என்பது அவர் எண்ணம். தவணைக் கடனுக்கு ஜப்பானிய சர்க்காரின் ஏற்றுமதி இறக்குமதி பாங்கு இடம் கொடுத்தது. தைவானில் பெருங்கூச்சல் எழுந்தது. முன்னாள் பிரதம மந்திரி யோஷிதா சமாதானம் சொல்ல அங்கே போக நேர்ந்தது. அவர் 1964-இல் எழுதிய கடிதத்தின் பலனாக, வேறொரு கம்பெனி விற்கவிருந்த இரண்டாவது ஆலைக்கு அந்தக் கடன் கிடைக்காமல் போயிற்று. முதல் ஆலை மட்டும் பெய்ஜிங்குக்குப் போய்ச் சேர்ந்தது. இன்று உலகில் மற்றெந்த நாட்டையும்விட அதிகமாகப் பாலிவினைல் ஆல்கஹால் உற்பத்தி செய்வது சீனமே.

ரி சுங்கியின் கதை வேறு திசையில் சென்றது. சியோல் சர்வகலாசாலையில் போதித்துக்கொண்டிருந்தவர், 1950-இல் கொரிய யுத்தத்தின் நடுவே வடக்கே போய்விட்டார். எண்ணெயும் பருத்தியும் அரிதாகி, நிலக்கரியும் சுண்ணாம்புக்கல்லும் மலையாகக் குவிந்திருந்த வட கொரியாவுக்கு அவருடைய இழை தெய்வ சகாயமாகவே தோன்றியிருக்க வேண்டும். 1961-இல் ஹம்ஹுங் நகரத்தில் மாபெரும் ஆலை திறக்கப்பட்டது. அதை எழுப்பிய துரிதத்தைக் குறிக்க “வினலான் வேகம்” என்றே ஒரு கோஷம் அந்நாட்டில் வழங்கலாயிற்று. பிறரை நம்பாமல் வாழ்வது என்ற அந்த ராஜ்யத்தின் சித்தாந்தத்துக்கு இந்த நூல் கொடிபோல் ஆயிற்று. சித்தாந்தம் மின்சாரத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. கார்பைடு உலை மின்சாரத்தை அளவின்றி விழுங்குவது. 1990-களில் நாடு பஞ்சத்திலும் இருளிலும் மூழ்கியபோது ஆலை நின்றது. ரி சுங்கி 1996-இல் காலமானார். 2010-இல் ஆலையை மறுபடி ஓட்டினார்கள். ஜப்பானிலோ அரசியலின் துணையின்றியே இதன் உடுப்பு வாழ்வு முடிந்தது: 1958-இல் பாலியெஸ்டர் அங்கே உற்பத்தியாகத் தொடங்க, கசங்காத துணியைக் கண்ட ஜனங்கள் வினைலானைக் கைவிட்டார்கள். கயிற்றிலும் குழாயிலும், கல்நாருக்குப் பதிலாகச் சிமெண்டுத் தகட்டில் கலக்கும் வலுவிழையாகவும் அது இன்னும் பிழைத்திருக்கிறது.

இத்தனை பேர் இத்தனை வருஷம் உழைத்தது கரைவதை நிறுத்துவதற்கு. ஆனால் இழையாக அது பெற்ற புகழைவிட, கரையும் பொருளாகவே அது இவ்வுலகில் செய்துவரும் ஊழியம் பெரிது என்பது என் அபிப்பிராயம். நைலான் அறிவிக்கப்பட்ட அதே 1938-இல் அமெரிக்காவில் எட்வின் லேண்ட், இப்பொருளின் தகட்டை இழுத்து நீட்டி அயோடினில் தோய்த்து, ஒரு தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் கடக்கவிடும் பொலராய்டு தகட்டைச் செய்தார். இன்றைய திரவப் படிகத் திரைகள் அநேகமாக எல்லாவற்றிலும் அந்த அயோடின் தகடே இருக்கிறது. கண் வறட்சிக்கு விடும் சொட்டு மருந்து சிலவற்றில் இது நூற்றுக்கு 1.4 பங்கு கலந்திருக்கிறது. தச்சர்களிடமிருந்து பழைய வஜ்ஜிரக் காய்ச்சலை விரட்டிய வெள்ளைப் பசை, பாலிவினைல் அஸிடேட்டின் நுண்துளிகள் நீரில் மிதப்பது. அத்துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து திரண்டு போகாமல் காப்பது இந்தப் பாலிவினைல் ஆல்கஹாலே.

எல்லாவற்றையும்விட நெசவில்தான் இதன் ஆட்சி. தறியில் ஏறும் பாவுநூல் உராய்வு தாங்க வேண்டுமானால் கஞ்சி வேண்டும். நம் நெசவாளர்கள் தெருவில் பாவை நீட்டி அரிசிக் கஞ்சி தடவியது பருத்திக்குப் பொருந்தியது. பாலியெஸ்டர் கலந்த நூலிலோ வெறும் ஸ்டார்ச்சு சரியாகப் பற்றாமல் உதிர்ந்துவிடும். அங்கே பாலிவினைல் ஆல்கஹால் மெல்லிய உறைபோல் நூலைச் சுற்றிக்கொண்டு, நெய்து முடிந்ததும் வெந்நீரில் விலகிவிடுகிறது. சைசிங் மில்களில் பெரிய கொப்பரையில் வேகும் கஞ்சியில் இப்பொடியும் சேருவது அதற்காகத்தான். இதைவிட வேடிக்கை துவாலை செய்யும் முறை. பருத்தி நூலோடு கரையும் இழையொன்றை எதிர்முறுக்காகச் சேர்த்து முறுக்கி, துவாலையின் கண்ணிகளை நெய்து, பிறகு வெந்நீரில் அலசுகிறார்கள். துணை இழை கரைந்து சாக்கடையோடு போய்விட, முறுக்கேயில்லாத பஞ்சு நூல் கண்ணியாகப் பூத்து நிற்கிறது. அவ்வளவு தளர்ந்த நூலைத் துணையில்லாமல் தறியில் ஏற்றியிருந்தால் முதல் இழுப்பிலேயே அறுந்திருக்கும். சரிகைப் பின்னல்போன்ற லேஸ் வேலையிலும் இதே தந்திரம்: கரையும் தகட்டின்மேல் தைத்து, தகட்டைக் கழுவிவிட்டால் தையல் மட்டும் மிஞ்சும். தொற்று நோயாளிகளின் துணியைத் தொடாமலே வெளுக்க, மருத்துவமனைகள் இப்பொருளாலான பையில் கட்டி அப்படியே இயந்திரத்தில் போடுகின்றன. அளந்து வைத்த சலவைச் சோப்புத் திரவம் இதே தகட்டுக்குள் அடைபட்டு 2012 முதல் அமெரிக்கக் கடைகளில் பெருவாரியாக விற்பனைக்கு வந்தது. எண்ணெயையும் சோப்பையும் தாங்கி நிற்கும் உறை தண்ணீரைக் கண்டதும் விட்டுக்கொடுக்கிறது.

கரைந்தது எங்கே போகிறது என்ற கேள்வி இதனோடு எழுந்தே தீரும். கண்ணுக்கு மறைவது வேறு, அழிவது வேறு. 1973-இல் சுசுகி முதலான ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள், இச்சங்கிலியை வெட்டித் தின்று உயிர்வாழும் ஒரு பாக்டீரியாவை மண்ணிலிருந்து பிரித்தெடுத்தார்கள். கார்பன் தொடராலான செயற்கைச் சங்கிலிகளில் இத்தகைய கதி வாய்த்தவை மிகச் சில. ஆனால் அவ்வகைக் கிருமிகள் எங்கும் பெருந்திரளாக இருப்பதில்லை. நெசவாலைக் கழிவு நாள்தோறும் வந்து சேரும் சுத்திகரிப்புத் தொட்டியில் அவை பழகிப் பெருகுகின்றன. பழகாத தொட்டியிலோ, குளிர்ந்த ஆற்றிலோ காரியம் மெதுவாகவே நடக்கிறது. நாடெங்கும் வீடுகளிலிருந்து சாக்கடை வழியே போகும் சோப்பு உறை எவ்வளவு அழிகிறது, எவ்வளவு தங்குகிறது என்பதைப் பற்றி உற்பத்தியாளர்களுக்கும் சுற்றுச்சூழல் நிபுணர்களுக்கும் இப்போதும் வாக்குவாதம் நடந்துவருகிறது. பெரிய நெசவாலைகள் சில வேறு உபாயம் கண்டுள்ளன: துணியை அலசிய வெந்நீரை ஆற விடாமல் நுண்துளைச் சவ்வுகளின் வழியே அழுத்தி, நீரை மட்டும் கடத்தி, பாலிவினைல் ஆல்கஹாலை மறுபடி கெட்டிக் கரைசலாக வடித்தெடுத்து, அடுத்த பாவுக்குக் கஞ்சியாகப் போடுகின்றன. ஸ்டார்ச்சை நொதியால் சிதைத்தே துணியிலிருந்து நீக்குவதால் அதை இவ்விதம் மீட்பதற்கில்லை. இதைச் சிதைக்காமலே கழுவி எடுக்க முடிவதால், மீட்கும் செலவு போக லாபமும் நிற்கிறது.